சீல் தீவில் கத்தல், பனிக்கடியில் விசில்

டர்பனிலிருந்து கேப் டவுனுக்கு எப்போது போனாலும் ரைலண்ட்ஸில் அத்தை வீட்டில்தான் தங்கல். சைமன்ஸ் டவுனில் படகேறி, சீல்கள் (கடல்நாய்கள்) கூடும் சீல் தீவுக்குப் போகிறேன் என்றதும் அத்தை, "தண்ணியில மட்டும் இறங்காதடா, அதுங்களுக்கு வெறிநோயாம்" என்றார். உண்மைதான், 2024-ல் இந்தக் கடற்கரைச் சீல்களிடம் ரேபிஸ் உறுதியாகியிருக்கிறது.

சரி, படகிலிருந்தே பார்த்தேன். தீவு என்று பெயர்தானே தவிர, அது ஒரு தாழ்ந்த பாறை. அதில் கால் வைக்க இடமில்லாமல் கேப் ஃபர் சீல்கள். அக்டோபர் வாக்கில் 200 கிலோவுக்கு மேலான ஆண்கள் முதலில் ஏறி ஆளுக்கொரு இடம் பிடிக்கின்றன. பின்னால் வரும் பெண்கள் நவம்பர், டிசம்பரில் கறுப்புக் குட்டி போட்டு, ஒரு வாரம் போலக் கழிந்ததும் அந்த இடத்துக்காரனோடு மறுபடி சேர்ந்தும் விடுகின்றன. ஆனால் கரு உடனே ஒட்டாது, சில மாதம் சும்மா கிடந்து அப்புறம்தான் வளரத் தொடங்கும்; வருஷா வருஷம் பிரசவம் அதே பருவத்தில் வருவது அதனால்தான். எனக்குப் பிடித்தவை தாய்கள். இரை தேடிச் சில நாள் கடலுக்குப் போய்த் திரும்புகிற தாய் குரல் கொடுக்கும், அத்தனை கூச்சலிலும் அதன் குட்டி எங்கிருந்தோ பதில் கத்தும், கிட்டே வந்ததும் மோந்து பார்த்த பிறகே பால். அடுத்த வீட்டுக் குட்டி வந்தால் கடிதான்.

பிரசவம், சண்டை, கூடல் எல்லாம் பாறைமேல் நடப்பதால் கத்தலும் பெரும்பாலும் மேலேயே. இதற்கு நேர் எதிர் அண்டார்க்டிகாவின் வெடல் சீல். கேப் டவுன் துறைமுகத்திலிருந்து கிளம்பும் தென்னாப்பிரிக்காவின் துருவ ஆய்வுக் கப்பல் எஸ்.ஏ. அகுல்ஹாஸ் 2 போய்ச் சேரும் பனி ஓரங்களில் அவை உண்டு. குட்டி போடுவது பனிமேல், கூடுவதோ தண்ணீருக்குள். ஆண் சீல் பனி வெடிப்புகளுக்கு அடியில் எல்லை பிடித்து, மூச்சுவிட மேலே போய்வரும் பெண்களுக்கும் போட்டிக்கு வரும் ஆண்களுக்கும் கேட்கிற மாதிரி இழுத்து இழுத்துக் குரல் விடும். அன்றிரவு ஒலிப்பதிவைத் தேடிக் கேட்டேன், தீபாவளி விசில் வாணம் மாதிரி மேலே தொடங்கிச் சரிந்து இறங்குகிறது. அதுவும் நமக்குக் கேட்கிற பங்கு மட்டும்தான். அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ பக்கம் கடலுக்கடியில் பதிவானவற்றில் சில கிட்டத்தட்ட 50 கிலோஹெர்ட்ஸ் வரை போவதாக 2020-ல் ஆய்வு வந்தது, நம் காதுக்கு எல்லை 20.

சீல் தீவுக்குப் போகிறவர்கள் காலைப் படகைப் பிடியுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்குக் காற்று எழும்பினால் வாந்திதான்.