பூட்டினோமா, இல்லையா? சில கவனக் குறிப்புகள்

ஜூன் 3, திங்கள்

தெருமுனை தாண்டியதும் ‘கதவைப் பூட்டினோமா?’ என்று சந்தேகம் வந்தால் மறதி வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். பழகிப்போன வேலையைக் கை தானாகவே முடித்துவிடுகிறது. மனமோ அந்நேரம் பஸ்ஸிலோ பத்து மணி மீட்டிங்கிலோ இருக்கிறது. மனம் கூட இல்லாமல் செய்த வேலை நினைவில் தங்குவதில்லை. ‘இணைப்பைப் பார்க்கவும்’ என்று எழுதிவிட்டு இணைப்பே இல்லாமல் மெயில் அனுப்புவதும் இதே கோளாறுதான்.

இதற்கு ஜப்பான் ரயில்வே, நீராவி இன்ஜின் காலத்திலிருந்து ஒரு வழி வைத்திருக்கிறது. பெயர் ஷிசா காங்கோ. பொருளை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வது. மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாம் நல்லதுதான். ஆனால் காலை எட்டேகால் மணி அவசரத்தில் கைகொடுப்பது இதுதான் என்பது என் கட்சி.

ஜூன் 4, செவ்வாய்

செய்முறை. முதலில் கண்: பொருளை, உதாரணமாக கேஸ் ரெகுலேட்டரை, நேராகப் பார்க்க வேண்டும். அடுத்து கையை முழுசாக நீட்டி, ஆள்காட்டி விரலால் சுட்டி, பெயரைச் சொல்ல வேண்டும்: ‘ரெகுலேட்டர்’. பிறகு கையைக் காதோரம் மடக்கி, நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று ஒரு கணம் பார்க்க வேண்டும். பலரும் விழுங்கிவிடுவது இந்தக் கணத்தைத்தான். பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. கடைசியில் கையை மறுபடி நீட்டி ‘ஆஃப், சரி!’. அந்த ‘சரி’க்கு ஜப்பானியர் ‘யோஷி’ என்பார்கள். மொத்தமே நாலைந்து விநாடி.

சொல்வது கேள்வியாக இருக்கக் கூடாது. ‘கேஸ் மூடியாச்சா?’ என்று கேட்டால் மனம் பார்க்காமலே ‘ஆச்சு’ என்று பதில் சொல்லிவிடும். ‘எல்லாம் ஓகே’யும் கூடாது. கண்ணில் பட்டதை மட்டும் சொல்ல வேண்டும்: ‘ரெகுலேட்டர் ஆஃப். இடது பர்னர் ஆஃப். வலது பர்னர் ஆஃப்.’

ஜூன் 7, வெள்ளி

இது வெறும் சடங்கு இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1994-இல் ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. எதுவும் செய்யாதபோது நூறு செயலுக்கு 2.38 பிழை. வாயால் மட்டும் சொன்னால் 1.00. விரலால் மட்டும் சுட்டினாலும் பிழை குறைந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது 0.38.

நியூயார்க் சுரங்க ரயிலில் 1996 முதல் கண்டக்டர்கள் சுட்டுகிறார்கள், ஆனால் வாய் திறப்பதில்லை. நடைமேடையின் நடுவில் தொங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டைப் பலகையை விரலால் காட்டிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். பலகை நேரெதிரே இல்லையென்றால் வண்டி சரியான இடத்தில் நிற்கவில்லை என்று அர்த்தம்.

நம் ஊரிலும் இது புதுசில்லை. சிக்னல் கண்ணில் பட்டதும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் அதன் நிலையை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது இந்திய ரயில்வேயின் பொது விதி. பச்சை, இரட்டை மஞ்சள், மஞ்சள், சிவப்பு: எதுவானாலும் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொன்னால் இரண்டாவது ஆள் இருந்தும் பயனில்லை.

ஜூன் 12, புதன்

ஆபீஸ் மேஜையில் இதை எங்கே வைப்பது? திரும்பப் பெற முடியாத இடங்களில் மட்டும்: ‘அனுப்பு’, ‘நீக்கு’, ‘பணம் செலுத்து’.

மெயிலில் பெறுநர் முகவரியைக் கடைசியாக நிரப்புங்கள். பாதியில் கை தவறிப் போய்விடாது. இணைப்பைத் திறந்து, முதல் பக்கத்துத் தேதியைச் சுட்டிச் சொல்லுங்கள். ஃபைல் பெயரைப் படிப்பது போதாது. ‘இறுதி’, ‘இறுதி 2’ என்று நாலு ஃபைல் எல்லோரிடமும் இருக்கிறது.

பணம் அனுப்பும்போது தொகையை எண் எண்ணாகப் படிக்காதீர்கள். ‘நாலு, அஞ்சு, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்’ என்று ஓட்டினால் ஒரு பூஜ்யம் கூடியிருப்பது காதில் விழாது. ‘நாற்பத்தைந்தாயிரம்’ என்று சொல்ல நினைத்த வாய், திரையில் 4,50,000 இருப்பதைப் பார்த்து ‘நாலரை லட்சம்’ என்று சொல்லவேண்டி வந்தால் அங்கேயே நின்றுவிடும். கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை விரல் வைத்துச் சொல்ல வேண்டும். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் மொத்தம் 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ‘ஓ’ எழுத்தை அடிப்பவர்கள் ஏராளம்.

ஜூன் 18, செவ்வாய்

பழகப் பழக இது கெட்டுப்போகும். வாய் கண்ணை முந்திக்கொள்ளும்: முகம் செருப்பைத் தேடும், வாய் ‘ரெகுலேட்டர் ஆஃப்’ என்று பாடும். விரல் தோராயமாக அடுப்படிப் பக்கம் ஆடினால் இது தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். வரிசையை மாற்றினால் சில நாளைக்குத் தாங்கும். அதைவிட நல்ல வழி, தினம் மாறும் ஒன்றைச் சொல்ல வைப்பது. வண்டியைக் கிளப்பும்போது ‘சைடு ஸ்டாண்டு, மேலே’ என்பதோடு ‘பெட்ரோல், இரண்டு கோடு’ என்றும் சேர்த்தால் கண் மீட்டருக்குப் போயே ஆக வேண்டும்.

இன்னொரு கோளாறு பேராசை. ஃபேன், லைட், குழாய், ஜன்னல் என்று இருபது பொருளைச் சேர்த்தால் ஒரு வாரத்தில் பட்டியலே கைவிடப்படும். வீட்டுக்கு மூன்று, ஆபீஸுக்கு மூன்று போதும். ஃபேன் ஓடினால் கரண்ட் பில்தான் ஏறும், கேஸ் அப்படியா?

ஜூன் 21, வெள்ளி

கூச்சம் பற்றி. பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் உதட்டசைவும், மேஜையை விட்டு எழாத விரலும் போதும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களே உரக்கச் சொல்வார்கள், பெரியவர்களுக்கு வேலை மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. பூட்டைப் பார்த்து, சொல்லி, ‘சரி’யும் போட்ட பிறகும் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் படபடக்கிறது என்றால், அது கவனக் குறைவு இல்லை. இந்தப் பயிற்சி அங்கே இன்னொரு சடங்காகச் சேர்ந்துகொள்ளும். நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சை இருக்கிறது.