சோழகத்துக்குப் பயந்த ஊர்

எங்கள் சமூகக்கல்வி மாஸ்டருக்கு ஊர்ப்பெயர் என்றால் பைத்தியம். பருத்தித்துறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரில் ‘பெட்றோ’ என்று ஒரு மனிதன் இல்லவே இல்லை, போர்த்துக்கேயர் கற்பாறை முனை என்று தம் மொழியில் சொன்னதுதான் அப்படித் திரிந்தது என்று அவர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும், “கதை நல்லாயிருக்கு என்பதற்காக நம்பாதே, சாட்சி கேள்” என்பார். மலர்க்குழுவினர் பள்ளிக்கூட நினைவு ஒன்று எழுதச் சொன்னதும் எனக்கு அந்த வாக்கியம்தான் முதலில் வந்தது. அது எனக்குப் பயன்பட்ட இடம் பிலிப்பைன்ஸ்.

கடலுயிரியல் படிக்க நான் போய்ச் சேர்ந்தது துமகெத்தே. நீக்ரோஸ் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. எதிரே செபு தீவின் தென்முனை, தள்ளிச் சிகிஹோர். அந்த ஊர்ச் சந்தையில் ‘பைனித்தான்’ என்ற காலைச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. வாழையிலையில் சுற்றி அவித்த ‘புட்புட்’ என்ற பசையரிசிப் பலகாரமும் சூடான கொக்கோப் பானமும் கிடைக்கும். எங்கள் கொழுக்கட்டைக்கு அது தூரத்துச் சொந்தம். அங்கே பரிமாறிய அம்மாவிடம் ஊர்ப்பெயரைப் பற்றிக் கேட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, விரல்களை வளைத்து, மேசை மேலிருந்த புட்புட் ஒன்றை மேலிருந்து வந்து அள்ளிக் காட்டினார். ‘டாகிட்.’ பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குவதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல். துமகெத்தே என்ற பெயர் அதிலிருந்து வந்ததாம். குஞ்சுகளாக இருந்தவர்கள் அந்த ஊர்ச் சனங்கள்.

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிலிப்பைன்சில் ஊருக்கு ஊர் பெயர்க்கதை உண்டு. ஸ்பானியச் சிப்பாய் ஒன்றைக் கேட்பான், ஊரான் வேறொன்றைச் சொல்வான், அதுவே பெயராகிவிடும். பாதிக் கதைகளை இந்த ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள். மாஸ்டர் இருந்தால் ஒன்றையும் விடமாட்டார்.

துமகெத்தேயின் கதைக்குச் சாட்சி இருக்கிறது. தெற்கே சூலு, மிந்தனாவோ கரைகளிலிருந்து இரானுன், பலாங்கிங்கி இனக் கடலோடிகள் படகுக் கூட்டமாக வந்து, துமகெத்தே இருக்கும் நடுப் பிலிப்பைன்சின் விசாயத் தீவுகளில் ஆள்பிடித்தார்கள். பிடிபட்டவர்களைச் சூலுவின் ஹோலோ ஊரில் விற்றார்கள். அவர்களில் பலர் சீன வணிகத்துக்காகக் கடலட்டையும் முத்துச்சிப்பியும் எடுக்கக் கடலில் இறக்கப்பட்டார்கள். கடலட்டை வாடிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் படகுகள் தென்மேற்குக் காற்றோடு வரும். நாம் சோழகம் என்பதைத் துமகெத்தே ஊரார் ‘ஹபகாட்’ என்கிறார்கள். நமக்குச் சோழகம் பட்டம் விடும் காலம்; அவர்களுக்கு அன்று பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருக்கும் காலம். 1848இல் ஸ்பானியர் நீராவிக் கப்பல்களைக் கொண்டுபோய்ப் பலாங்கிங்கிக் கோட்டைகளை உடைத்த பிறகுதான் அந்தத் தொல்லை தணியத் தொடங்கியது.

முதல் சாட்சி, தேவாலயத்துக்குப் பக்கத்தில் தனியே நிற்கும் மணிக்கோபுரம். 1811இல் கட்டியது என்று ஊரார் சொல்கிறார்கள். கல்லிடுக்குகளில் செடி முளைத்திருக்கும். அடியில் பெண்கள் மெழுகுவர்த்தி விற்பார்கள். பூசைக்கு மட்டும் அல்ல, கடலில் பாய் தெரிந்தாலும் அந்த மணி அடித்தது. இரண்டாவது சாட்சியை யாரும் காட்டுவதில்லை. நாங்கள் படித்த கடலாய்வுக்கூடம் இருந்த கரையோரக் குறிச்சியின் பெயர் பந்தாயான். ‘பந்தாய்’ என்றால் காவல். காவல் இருந்த இடத்தில் அமர்ந்துதான் நாங்கள் பவளப்பாறை மீன்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

இப்போது சுற்றுலாக்காரர்கள் வேறு அர்த்தம் சொல்கிறார்கள்: வந்தவர் மனதை இந்த ஊர் பறித்து வைத்துக்கொள்ளுமாம். பிற்காலத்து மெருகு என்பது என் எண்ணம். ஆனால் அதற்கும் ஓர் ஆள் அகப்படுகிறார். அமெரிக்க மிஷனரி டேவிட் ஹிபர்ட், பள்ளிக்கூடம் தொடங்க இடம் தேடி வந்தவர். செபு போன்ற பெரிய ஊர்களைத்தான் மனதில் வைத்திருந்தார். துமகெத்தேயை எட்டிப் பார்க்கப் போனவருக்கு அந்தக் கடற்கரை பிடித்துவிட்டது. நியூயோர்க் மாநிலத்துச் செல்வர் ஹொரஸ் சிலிமன் கொடுத்த 10,000 டொலரில் 1901 ஓகஸ்ட் 28 அன்று 15 பையன்களோடு வகுப்பு தொடங்கியது. அதுதான் இன்றைய சிலிமன் பல்கலைக்கழகம்.

ஊர்ப்பெயரை விட எனக்கு உறுத்துவது தீவின் பெயர். அங்கே இருந்த ஆத்தி என்ற பழங்குடி மக்களின் தோல் நிறத்தைப் பார்த்து ஸ்பானியர் வைத்ததுதான் ‘நீக்ரோஸ்’. அதற்கு முன் அந்தத் தீவு புக்லாஸ். பழைய பெயர் முழுதாக அழிந்துவிடவில்லை; ஒவ்வோர் ஒக்டோபரிலும் மாகாணத் திருவிழாவைப் ‘புக்லாசான்’ என்ற பெயரில்தான் துமகெத்தேயில் கொண்டாடுகிறார்கள். தெருவெல்லாம் ஆட்டமும் பாட்டுமாக இருக்கும், கடற்கரை வீதியில் நடக்க இடம் கிடைக்காது. வரைபடத்தில் மட்டும் இன்னும் நீக்ரோஸ்தான்.