டீட் பூசிக்கலாமா வேணாமா?

டீட்ங்கற (DEET) மருந்து போட்ட கொசு விரட்டின்னு பேச்சு எடுத்தாலே ரெண்டு கட்சி கிளம்பிடும். ஒண்ணு "ஐயோ அது கெமிக்கல், தோல்ல பட்டாலே வம்பு"ன்னு ஓடுற கட்சி. இன்னொண்ணு இருக்குறதுலயே பெரிய டீட் பெர்சென்ட் போட்ட பாட்டிலா தேடி எடுத்து உடம்பு பூரா அபிஷேகம் பண்ணிக்கிற கட்சி. என்னைக் கேட்டா ரெண்டு பேருமே லேபிளைத் திருப்பிப் பாக்காதவங்கதான்.

டீட் ஒண்ணும் புது சரக்கு இல்ல. அமெரிக்க ராணுவத்துக்காக 1940கள்ல கண்டுபிடிச்சது, 1957ல பொதுமக்களுக்கும் வந்துச்சு. இத்தனை வருஷமா இத்தனை பேர் பூசிட்டு இருக்காங்கங்கறதே அதைப் பத்தி நமக்கு நெறைய தெரிஞ்சிருக்கறதுக்கு ஒரு காரணம்.

முதல்ல அந்த பெர்சென்ட் கணக்கைப் பாத்துடுவோம், எல்லாரும் கோட்டை விடுறது இங்கதான். 30% போட்டா 10%ஐ விட மூணு மடங்கு ஸ்ட்ராங்கா கொசுவை விரட்டும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, அந்த நம்பர் சொல்றது எவ்வளவு நேரம் தாங்கும்ங்கறதை. 10% சுமார் ரெண்டு மணி நேரம் வரும், 25% பக்கம் போனா அஞ்சு மணி நேரம் கிட்ட தாங்கும், 50%க்கு மேல ஏத்தினா பெருசா எந்த லாபமும் இல்ல. அப்புறம் எதுக்கு 100% பாட்டில் விக்கிறாங்கன்னா, வாங்குறதுக்கு ஆள் இருக்கு, அவ்வளவுதான். வேர்வை, தண்ணி, துணி உரசறது எல்லாம் இந்த நேரத்தை இன்னும் குறைச்சிடும்.

இது கொசுவைக் கொல்லாது. எப்படி வேலை செய்யுதுன்னு விஞ்ஞானிங்க இன்னும் சண்டை போட்டுட்டுதான் இருக்காங்க. 2013ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில மோப்பத்துக்கு வேண்டிய ஒரு ஜீனை மட்டும் கெடுத்து கொசு வளர்த்தாங்க, அந்தக் கொசு டீட் வாசனையைக் கண்டுக்காம நேரா கைக்கு வந்துச்சு, ஆனா டீட் பூசின தோல்ல கால் வச்ச உடனே கடிக்காம கிளம்பிடுச்சு! அதாவது மூக்கை ஏமாத்தறது ஒரு வழி, தொட்டவுடனே பிடிக்காம போறது இன்னொரு வழி. அதனாலதான் சும்மா கழுத்துல ரெண்டு சொட்டு தொட்டு வச்சா வேலைக்கு ஆகாது, தெரியுற தோல் முழுக்க மெல்லிசா தடவணும், விட்ட இடத்தைக் கரெக்டா தேடி வந்து கடிக்கும்.

சரி, ஆபத்து? பூசினதுல கொஞ்சம் தோல் வழியா உள்ள போகத்தான் செய்யுது, கல்லீரல் அதை உடைச்சு ஒரு நாளைக்குள்ள பெரும்பாலும் சிறுநீர்ல வெளிய தள்ளிடும். வலிப்பு வந்ததா சில கேஸ் பதிவாகியிருக்கு, பயமுறுத்துற ஃபார்வர்ட் எல்லாமே இதை வச்சுதான் ஓடுது, ஆனா கோடிக்கணக்கான பேர் பூசுறதுல அது ரொம்ப ரொம்ப அபூர்வம், அதுலயும் பல பேர் டீட்டையே குடிச்சவங்க, இல்லேன்னா அளவுக்கு மீறி திரும்பத் திரும்ப பூசினவங்க. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி 1998லயும் 2014லயும் திரும்ப அலசிப் பாத்துட்டு, லேபிள்படி பூசினா கவலைப்பட வேண்டியதில்லன்னுதான் சொன்னாங்க. கர்ப்பிணிங்க கிட்டயும் சோதனை நடந்திருக்கு, தாய்லாந்துல நாலாவது மாசத்துக்கு மேல இருந்தவங்க தினமும் 20% பூசினாங்க, அம்மாவுக்கோ பொறந்த குழந்தைக்கோ அதனால கெடுதல் எதுவும் தெரியல, 2001ல வந்த ரிசல்ட் அது. மலேரியா, டெங்கு, ஜிகா இருக்குற இடத்துல "கெமிக்கல் வேணாம்"னு கடி வாங்குறதுதான் பெரிய ரிஸ்க்னு நான் நினைக்கிறேன்.

"பிளாஸ்டிக்கையே கரைக்குதே"ன்னு கேப்பாங்க. உண்மைதான், வாட்ச் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி ஃப்ரேம், நெயில் பாலிஷ், ரேயான், ஸ்பான்டெக்ஸ் எல்லாத்தையும் கெடுக்கும், காட்டன், கம்பளி, நைலானை ஒண்ணும் பண்ணாது. அது நல்ல கரைப்பான், அதுக்குன்னு தோல் என்ன பிளாஸ்டிக்கா?

ஜாக்கிரதை வேண்டிய இடம் இதெல்லாம்தான். ரெண்டு மாசத்துக்குக் குறைஞ்ச பச்சைக்குழந்தைக்கு வேணவே வேணாம், வலை போட்ட தொட்டில் போதும். பெரிய குழந்தைங்கன்னா 30%ஐ தாண்ட வேணாம், உங்க கையில எடுத்து தடவி விடுங்க, அதுங்க உள்ளங்கையில பூசாதீங்க, நேரா வாய்க்குப் போகும். புண்ணு, வெட்டு, கண்ணு பக்கம் வேணாம், துணிக்கு அடியில பூசக் கூடாது, வீட்டுக்குள்ள வந்ததும் சோப்பு போட்டு கழுவிடணும். சன்ஸ்க்ரீன் முதல்ல, அது காஞ்சதும் டீட். ரெண்டும் ஒண்ணா கலந்து வர்றது எனக்குப் பிடிக்காது, சன்ஸ்க்ரீனை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பூசணும், கூடவே தேவையில்லாம டீட்டும் ஏறிட்டே போகும்.

வாசனை பிடிக்கலன்னா பிகாரிடின்ங்கற இன்னொரு கொசு விரட்டி மருந்து 20% எடுக்கலாம், கிட்டத்தட்ட சமம், பிளாஸ்டிக்கையும் கெடுக்காது. சிட்ரோனெல்லா எண்ணெய் மேல ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க, 2002ல டெஸ்ட் பண்ணப்போ பெரும்பாலானது 20 நிமிஷம்கூட தாங்கல, அதே டெஸ்ட்ல கையில கட்டுற கொசு விரட்டி வளையம் சுத்த வேஸ்ட். ராத்திரி முழுக்க வெளிய இருக்கணும்னா சட்டைக்கு பெர்மெத்ரின்ங்கற பூச்சிக்கொல்லி போட்டுக்கலாம், ஆனா அது துணிக்கு மட்டும், தோல்ல தடவறதுக்கு இல்ல.