ரீபூட் செய்யாமல் வீட்டு சர்வரின் ஐபி முகவரியை மாற்றியது

வீட்டில் உபுண்டு (லினக்ஸ் விநியோகங்களில் ஒன்று) ஓடும் சர்வரின் முகவரி 192.168.1.20. ரவுட்டர் டிஎச்சிபி வழியாகத் தானே பகிர்ந்தளிக்கும் வரம்புக்குள் இந்த எண்ணும் வருவதால், என்றேனும் ஒரு கைப்பேசிக்கும் இதே முகவரி போய்ச் சேரக்கூடும். எனவே வரம்புக்கு வெளியே உள்ள 192.168.1.210-க்கு மாற்றத் தீர்மானித்தேன். உள்ளே ஒரு வட்டிலிருந்து இன்னொரு வட்டுக்குப் பெரிய நகலெடுப்பு நடந்துகொண்டிருந்ததால் ரீபூட் செய்ய மனமில்லை. திரையோ கீபோர்டோ இணைக்கப்படாத பெட்டி என்பதால், வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வழியை இழக்காமலும் இருக்க வேண்டும்.

ஒரு நெட்வொர்க் கார்டுக்கு எத்தனை முகவரிகளையும் கொடுக்க லினக்ஸ் அனுமதிப்பதே இங்கு கைகொடுக்கிறது. புதிய முகவரி யாரிடமும் இல்லை என்பதை 'ஆர்ப்பிங்' கட்டளையின் டி தெரிவால் உறுதிசெய்துகொண்டு, 'ஐபி அட்ரஸ் ஆட்' கட்டளையால் அதைப் பழையதோடு கூடுதலாகச் சேர்த்தேன். பழைய எஸ்எஸ்எச் இணைப்பு அசையவில்லை. இன்னொரு டெர்மினலில் புதிய முகவரி வழியாகவும் உள்ளே நுழைய முடிந்தது.

அடுத்து பழையதை நீக்கிவிடலாம் என்று தோன்றும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 'ஐபி அட்ரஸ் ஷோ' காட்டிய வரிகளில் புதிய முகவரிக்குப் பக்கத்தில் 'செகண்டரி' (இரண்டாம் நிலை) என்று இருந்தது. ஒரே சப்நெட்டில் (வலையமைப்பின் ஒரே முகவரிப் பிரிவில்) முதலில் அமைந்த முகவரியை நீக்கும்போது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் இயல்பு அமைப்பில், அதன் பின் வந்த செகண்டரி முகவரிகளும் சேர்ந்தே நீங்கிவிடும். அதாவது இரண்டு டெர்மினல்களும் ஒரே நொடியில் உறைந்துபோகும். இதைத் தவிர்க்க, 'ப்ரோமோட் செகண்டரீஸ்' என்ற சிஸ்கண்ட்ரோல் (கெர்னலின் நடத்தையை மாற்றும்) அமைப்பின் மதிப்பு 1 என இருக்க வேண்டும்; அப்போது செகண்டரி முகவரி முதன்மை இடத்துக்கு உயர்த்தப்படும். சில விநியோகங்களில் இது முன்பே 1 ஆக இருக்கும் என்றாலும், நம்பி இறங்குவதைவிடப் பார்த்துவிடுவது மேல். வெளி வலைக்குச் செல்லும் வழியான இயல்பு ரூட்டின் வரியில் மூல முகவரியாகப் பழைய எண் குறிக்கப்பட்டிருந்தால் அந்த ரூட்டும் போய்விடும் என்பதால், அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, புதிய முகவரி வழியாகத் திறந்த டெர்மினலிலிருந்தே பழையதை நீக்கினேன். பழைய டெர்மினல் எதிர்பார்த்தபடி உறைந்தது, புதியது தொடர்ந்தது, நகலெடுப்பும் தடையின்றி ஓடியது.

'ஐபி' கட்டளை செய்யும் மாற்றம் அடுத்த ரீபூட் வரைதான் நிற்கும். ஆகவே உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை நிலையாக வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பிலும் முகவரியை மாற்றி, 'நெட்பிளான் ட்ரை' கொடுத்தேன். 120 விநாடிகளுக்குள் என்டர் தட்டி ஏற்காவிட்டால் அது பழைய அமைப்புக்கே திரும்பிவிடும் என்பதால், தொலைவிலிருந்து வேலை செய்பவர்கள் 'அப்ளை'க்குப் பதில் இதையே பயன்படுத்தலாம்.

பிறகு 'எஸ்எஸ்' கட்டளையால், எந்தெந்த சேவைகள் எந்த முகவரியில் காத்திருக்கின்றன என்று பார்த்தேன். 0.0.0.0 (எல்லா முகவரிகளும்) என்று இருந்தவற்றுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இணையப் பக்கங்களை வழங்கும் என்ஜின்எக்ஸ் மட்டும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்ததால், அதன் 'லிசன்' வரியைத் திருத்தி அந்தச் சேவையை மட்டும் மீண்டும் தொடங்கினேன். மடிக்கணினியில் பெயர்களுக்கு உரிய முகவரிகளைக் குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்துவது இன்னும் பாக்கி.