முகவரியை மட்டும் அணைக்க ஒரு சுவிட்ச்

சர்வர் ஒன்றில் இருந்த ஐபி முகவரியைச் சிறிது நேரத்திற்கு மட்டும் செயலிழக்கச் செய்ய வேண்டியிருந்தபோது, அதற்கென ஒரு கட்டளை லினக்ஸில் இருக்கும் என்றே நம்பியிருந்தேன். ஐபி முகவரிகளின் பழைய வகையான ஐபிவி4-ஐப் பொறுத்தவரை அப்படி ஒன்று இல்லை. கணினியை வலையமைப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸை முழுவதுமாக இறக்கலாம் (அதாவது நிறுத்திவைக்கலாம்), அல்லது முகவரியை நீக்கலாம். முகவரியை அதன் இடத்திலேயே விட்டு அணைத்துவைக்க வழி கிடையாது.

நான் நீக்கினேன். 10.0.5.10 போனதோடு, அதே சப்நெட்டில் (ஒரே தொடக்க எண்களைப் பகிரும் முகவரிக் குழுவில்) இருந்த 10.0.5.11, 10.0.5.12 இரண்டும் சேர்ந்தே போயின; 11-இல் முடியும் முகவரி வழியாகத்தான் எஸ்எஸ்எச்சில் (தொலைவிலிருந்து சர்வரை இயக்கும் இணைப்பில்) நுழைந்திருந்தேன் என்பதால் திரை அப்படியே உறைந்து நின்றது. ஒரு சப்நெட்டில் முதலில் சேர்த்ததை முதன்மை முகவரியாகவும் பின்னர் சேர்த்தவற்றைத் துணை முகவரிகளாகவும் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் கொள்கிறது. ‘புரமோட் செகண்டரீஸ்’ என்ற அமைப்பின் மதிப்பு 0 என்றால் முதன்மையோடு துணைகளும் நீங்கும். 1 என்றால் அடுத்த துணை முதன்மையாக உயரும். அந்தச் சர்வரில் அது 0.

இன்டர்ஃபேஸை இறக்குவதும் நாம் நினைக்கும் அளவுக்குத் தெளிவான செயல் அல்ல. ஐபிவி4 முகவரி ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதே கணினியிலிருந்து பிங் செய்தால் (பதில் வருகிறதா என்று சோதித்தால்) பதில்கூட வரும். ஆனால் கையால் சேர்த்த டீஃபால்ட் ரூட் (வெளி வலையமைப்புகளுக்கான பொதுவழி) அழிந்துவிடும், மீண்டும் ஏற்றினாலும் தானாகத் திரும்பாது. புதிய வகையான ஐபிவி6-இல் வழக்கமாக முகவரியே போய்விடும்.

சோலாரிஸ் 11 என்ற இயங்குதளம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது என்பது என் எண்ணம். அதன் ‘ஐபிஆட்ம்’ கருவியில் முகவரியை இறக்குவது ஒரு கட்டளை, முடக்குவது வேறொரு கட்டளை. இறக்கினால் முகவரி பட்டியலில் நிற்கும், ஆனால் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) ஏற்காது, அனுப்பாது. முடக்கினால் இயங்கும் அமைப்பிலிருந்து விலகினாலும் நிலையான அமைப்பில் பத்திரமாக இருப்பதால், மறுபடி இயக்கும்போது எண்களைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

லினக்ஸில் இதற்குச் சற்றே நெருங்கி வருவது, ஐபிவி6 முகவரியின் ‘பிரிஃபர்ட்’ ஆயுளை, அதாவது புதிய இணைப்புகளுக்கு அதை விரும்பித் தேர்ந்தெடுக்கும் காலத்தை, 0 ஆக்குவதுதான்: நடப்பு இணைப்புகள் அறுபடாது, வேறு தகுந்த முகவரி இருக்கும்வரை புதிய இணைப்புகள் அதிலிருந்து புறப்படாது. உள்ளே வருபவற்றை அது தடுக்காது என்பதால் முழுமையான சுவிட்ச் என்று சொல்ல முடியாது.

ஐபிவி4-க்கு இப்போது நான் செய்வது இதுதான்: 300 வினாடி கழித்து முகவரிகளை மீண்டும் சேர்க்கும் கட்டளையை முதலில் பின்னணியில் ஓடவிட்டு, அதன் பிறகே நீக்குகிறேன்.