மூன்று கம்பிகளால் மீண்ட வன்தட்டு

முந்தைய இரவு வரை ஒழுங்காக இயங்கிய என் 3.5 அங்குல வன்தட்டு, மறுநாள் காலையில், கணினி தொடங்கும்போது கருவிகளைக் கண்டறியும் பயாஸின் பட்டியலிலேயே தோன்றவில்லை. தட்டு சீராகச் சுழன்றது. தரவைப் படிக்கும் தலை பழுதானால் கேட்கும் டிக்டிக் ஓசையும் இல்லை. அந்த மாதிரியின் பழைய ஃபர்ம்வேரில் (வன்தட்டுக்குள் இருந்து அதை இயக்கும் மென்பொருளில்), மின்சாரம் வந்ததும் தன் நிகழ்வுப் பதிவைக் கையாளும் இடத்தில் சிக்கி, எந்தக் கட்டளையையும் ஏற்காமல் ‘பிஸி’ நிலையிலேயே நின்றுவிடும் பிழை உண்டு என்று படித்தபோதுதான், பத்தாண்டுப் புகைப்படங்கள் அழியவில்லை, உள்ளே பூட்டிக் கிடக்கின்றன என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த ஃபர்ம்வேருக்குக் கணினியிலிருந்து நேரடியாகக் கட்டளைகளைத் தட்டச்சு செய்து அனுப்ப, முதலில் வேண்டியது 3.3 வோல்ட்டில் இயங்கும் யூஎஸ்பி டிடிஎல் அடாப்டர். பழைய கணினிகளின் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட் ஏறத்தாழ 12 வோல்ட் வரை கூட்டலும் கழித்தலுமாக அனுப்பும் என்பதால், அதை நேரடியாக இணைத்தால் வன்தட்டின் சுற்றுப்பலகை கருகிவிடக்கூடும். அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும்), ஆர்எக்ஸ் (பெறும்) முனைகளை ஒன்றோடொன்று இணைத்து, தட்டச்சு செய்த எழுத்து திரையில் திரும்பி வருவதைக் கண்ட பிறகே வன்தட்டைத் தொட்டேன். தரவுக் கேபிளை மாட்டும் சாட்டா போர்ட்டின் அருகிலுள்ள நான்கு சிறு ஊசிகள் நெருக்கமாக இருந்ததால், ஜம்பர் கம்பிகளின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, ஒன்றையொன்று தொடாதவாறு நாடா சுற்றினேன். அடாப்டர், வன்தட்டு இரண்டில் ஒன்றின் டிஎக்ஸ் மற்றதன் ஆர்எக்ஸுக்குச் செல்ல வேண்டும். கிரவுண்டும் பொதுவாக இருக்க வேண்டும். கணினியில் தொடர்புக்கான அமைப்பு இது: வேகம் நொடிக்கு 38400 பிட், எட்டு டேட்டா பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை.

மின்சாரம் கொடுத்துக் கன்ட்ரோல்-இசட் அழுத்தியதும் ஒரே பிழை வரி மீண்டும் மீண்டும் ஓடியது. மின்சாரத்தை நிறுத்தி, சுற்றுப்பலகையின் டி6 அளவு நட்சத்திரத் திருகுகளைத் தளர்த்தி, தலைகளுக்குச் செல்லும் தொடுமுனைகளுக்கும் பலகைக்கும் இடையே கனத்த தாள் துண்டு ஒன்றைச் செருகினேன். தலைகளைக் காணாத ஃபர்ம்வேர் அந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை; கட்டளைக்குக் காத்திருக்கும் வரி திரையில் வந்த கணத்தில் கை நடுங்கியது உண்மை.

ஃபர்ம்வேரின் கட்டளைகள் பல நிலைகளாகப் பிரிந்திருக்கும். அவற்றில் இரண்டாம் நிலைக்குச் சென்று இசட் கட்டளையால் மோட்டாரை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டிக்காமலேயே தாளை மெல்ல உருவித் திருகுகளை முடுக்கினேன். முழுச் செயலிலும் அதிக அச்சம் தந்த இடம் இதுவே, ஏனெனில் திருப்புளி பலகைமீது ஒருமுறை சறுக்கினாலும் எல்லாம் வீண். பின்னர் யூ கட்டளையால் மோட்டாரைச் சுழலவிட்டு, முதல் நிலையில் என்-1 கொடுத்து வன்தட்டு தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவை அழித்தேன்.

மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுத்த பிறகு, கணினி கேட்கும் முகவரி தட்டில் எந்த இடத்தில் உள்ளது என்று காட்டும் உள் அட்டவணையை வன்தட்டே தனக்குள் மறுபடி அமைக்கும் எம் கட்டளை மட்டும் எஞ்சியிருந்தது. அதன் எண்வரிசையில் ஓர் எண் விடுபட்டாலும் தரவு முழுவதும் அழிக்கப்படலாம் என்பதால், தாளில் எழுதி மூன்று முறை ஒப்பிட்டுவிட்டே என்டர் அழுத்தினேன். வெற்றி என்ற வரி வரும்வரை எதையும் தொடவில்லை.

சாட்டா கேபிளை மாட்டியதும் பயாஸ் வன்தட்டின் முழுக் கொள்ளளவையும் காட்டியது. ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதற்கு முன்பே எல்லாக் கோப்புகளையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்தேன். முதலில் திறந்து பார்த்தது என் மகள் நடக்கத் தொடங்கிய நாளின் படத்தை.