இன்டர்நெட் போனுக்கு மாறும் முன் பழைய நம்பரைப் பற்றிக் கேளுங்கள்

வளசரவாக்கத்தில் எங்கள் கடை. நோயாளிக் கட்டில், சக்கர நாற்காலி, வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்கு விடுகிறோம். அப்பா ஆரம்பித்த தொழில். அவர் வாங்கிய 044 லேண்ட்லைன் நம்பர்தான் இன்று வரை எங்கள் முகவரி. கட்டிலின் கால்மாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் அது இருக்கிறது. போரூர் பக்கத்து நர்ஸம்மாக்களின் டைரியில் இருக்கிறது. அந்த நம்பரை என் கையாலேயே எழுதிக் கொடுத்து இழக்க இருந்தேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இன்டர்நெட் இணைப்பு வழியாகப் பேசும் போனுக்கு மாறவேண்டிய காரணம் எளிமையானது. போன மழையில் தெருவைத் தோண்டியதில் செம்புக் கம்பி அறுந்து லேண்ட்லைன் 11 நாள் செத்துக் கிடந்தது. சரியான பிறகும், ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்கு எங்கேஜ்டு. ராத்திரியில் ஆக்சிஜன் மெஷின் கேட்டு அழைப்பவருக்கு எங்கேஜ்டு டோன் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இன்டர்நெட் போனில் ஒரே நம்பரில் நாலு பேர் பேசலாம், யார் அழைத்தார்கள் என்று பதிவு இருக்கும், தம்பி வீட்டிலிருந்தே எடுக்கலாம் என்றார்கள். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

பணம் கட்டும் முன் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எங்க பழைய நம்பர் அப்படியே வந்துடுமா?" விற்பனைப் பையன் வாட்ஸ்அப்பில் பதில் போட்டான்: "போர்ட் பண்ணிடலாம் சார், பத்து நாள்." போர்ட் என்றால் நம்பர் மாறாமல் நிறுவனம் மட்டும் மாறுவது. நம்பினேன். வருடச் சந்தா 21,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 24,780 ரூபாய் கட்டினேன்.

அப்புறம் கேஒய்சி, அதாவது அடையாள, முகவரிச் சரிபார்ப்பு. பான், ஜிஎஸ்டி சான்றிதழ், ஆதார், லெட்டர்பேடில் கடிதம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஏற்றினேன். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், காரணம் சொல்லவில்லை. கிண்டியில் இருந்த அவர்களுடைய அலுவலகத்துக்கு ஃபைலோடு போனேன். வரவேற்பில் இருந்தவர் ஃபைலைத் தொடவே இல்லை. "ஆன்லைன்லதான் சார் ஏத்தணும், இங்க வாங்க மாட்டோம்" என்றார். அரை நாள் கடையை மூடிவிட்டுப் போனது வீண். கடைசியில் நானே உட்கார்ந்து தாள் தாளாக ஒப்பிட்டுக் கண்டுபிடித்தேன். ஜிஎஸ்டி சான்றிதழில் கடையின் பழைய கதவு எண், வாடகை ஒப்பந்தத்தில் புதிய கதவு எண். சென்னையில் பாதித் தெருக்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. ஜிஎஸ்டியில் முகவரி மாற்ற விண்ணப்பித்தால் அதிகாரி ஒப்புதலுக்காக மூன்று வாரம்கூட இழுக்கலாம் என்றார் கணக்கர். அவர்தான் வழியும் சொன்னார். கடை உரிமையாளரின் சொத்து வரி ரசீதில் இரண்டு எண்ணும் இருந்தன. அதைச் சேர்த்து அனுப்பியதும் மறுநாளே ஒப்புதல் வந்துவிட்டது. உங்கள் தாள்களில் கதவு எண் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

பத்து நாள் கழித்து ஒரு நம்பர் வந்தது. எங்கள் நம்பர் இல்லை, புத்தம்புது நம்பர். கேட்டால், "பழைய நம்பரை இதுக்கு ஃபார்வர்ட் போட்டுடுங்க சார். கொஞ்ச நாள்ல எல்லாருக்கும் புது நம்பர் பழகிடும், அப்புறம் பழைய லைனை சரண்டர் பண்ணிடலாம்" என்றான். அவன் "போர்ட்" என்று சொன்னதற்கு அதுதான் அர்த்தமாம்.

நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம்பர் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது மொபைலுக்குத்தான். லேண்ட்லைனுக்கு அது கிடையாது. 044 நம்பரை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக வழியே இல்லை. யாராவது முடியும் என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இது தெரிவதற்கு முன்பே சரண்டர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டு லேண்ட்லைன் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். மாத வாடகை மிச்சமாகும் என்ற எண்ணம். கவுன்டரில் இருந்த அம்மா விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷ நம்பர் தம்பி இது? விட்டா திரும்பக் கிடைக்காது. ஃபைபருக்கு மாத்திக்கோங்களேன், நம்பர் இதேதான் இருக்கும்" என்றார். விண்ணப்பத்தை என் பக்கமாகத் திருப்பியும் வைத்தார். அவர் முத்திரை குத்தி வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது. அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

லேண்ட்லைன் அதே நிறுவனத்தில், அதே நம்பரில், செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறியது. ஒரு மணி நேர வேலை. அந்த லைனை இன்டர்நெட் போனோடு சேர்க்க ஒரு கேட்வே பெட்டி வேண்டும். ரிச்சி தெருவில் வாங்கினேன், தவறாக வாங்கினேன். எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்று இரண்டு வகை உண்டு. துளைகள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எஃப்எக்ஸ்எஸ் என்பது சாதாரண போன் கருவியைச் செருகுவதற்கு. வெளியிலிருந்து வரும் லேண்ட்லைனைச் செருக எஃப்எக்ஸ்ஓ வேண்டும். கடைக்காரர் அண்ணன் நல்லவர், பெட்டி கசங்காததால் மாற்றிக் கொடுத்தார்.

எல்லாம் மாட்டியாயிற்று. அழைப்பு வருகிறது, எடுக்கிறோம், அவர்கள் பேசுவது கேட்கிறது, நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை. சில அழைப்புகள் அரை நிமிடத்தில் அறுந்தன. வயதான ஒருவர் மனைவிக்கு மெஷின் கேட்டு மூன்று முறை அழைத்தார். மூன்று முறையும் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். என் மொபைலிலிருந்து திருப்பி அழைத்து மன்னிப்புக் கேட்டேன். போன் நிறுவனத்தைக் கேட்டால் "உங்க நெட் ஸ்லோ சார்" என்கிறார்கள், நெட் நிறுவனம் "எங்க பக்கம் ஓகே" என்கிறது. நான்கு நாள் இப்படியே போனது.

ஒரு அழைப்புக்கு, போகும் குரலுக்கும் வரும் குரலுக்கும் தலா ஏறக்குறைய 100 கேபிபிஎஸ் வேகம் போதும். எங்களிடம் இருப்பது 100 எம்பிபிஎஸ், அதைப்போல ஆயிரம் மடங்கு. வேகம் காரணமாக இருக்க முடியாது என்று அங்கேதான் பிடித்தேன். அறுந்த அழைப்புகளின் பதிவை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் 32 வினாடி. தற்செயலாக எல்லாமே 32 ஆகாது. தம்பியின் நண்பன் அந்த எண்ணைக் கேட்டவுடனே சொல்லிவிட்டான், ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்ற அமைப்பை அணைக்க வேண்டும் என்று. உதவுகிறேன் என்று அது போன் அழைப்புக்குள் இருக்கும் முகவரியை மாற்றி எழுதிவிடுகிறது. அதனால் குரல் வழி தவறிப் போகிறது. எடுத்தாயிற்று என்ற பதிலும் போய்ச் சேர்வதில்லை, 32 வினாடி காத்திருந்துவிட்டு அழைப்பு அறுகிறது. ரவுட்டரின் கடவுச்சொல் நெட் நிறுவனத்திடம்தான் இருந்தது. அதை வாங்கத் தனியாக ஒரு நாள். அணைத்த அடுத்த நிமிடம் குரல் மணி மாதிரி கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்கள் கொடுத்த புது நம்பரை நாங்கள் வெளியே அழைக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதுவும் சரிப்படவில்லை. பெயர் காட்டும் ஆப்பில் அந்த நம்பர் "லோன் வசூல்" என்று வந்தது. முன்பு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். வாடகைப் பாக்கியைக் கேட்கவும் இல்லை, மெஷின் நன்றாக ஓடுகிறதா என்று விசாரிக்கத்தான் அழைத்தோம், ஆனால் யாரும் எடுக்கவில்லை. சண்டை போட்டு வேறு நம்பர் வாங்கினேன். நம்பர் கொடுத்தால் கையெழுத்துப் போடும் முன் நாலைந்து மொபைலில் அடித்துப் பாருங்கள், என்ன பெயர் வருகிறது என்று.

ஐவிஆர் என்ற பதிவுக் குரலை இரண்டே நாள் வைத்திருந்தேன். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று குரல் வந்ததும் பெரியவர்கள் கம்பெனி விளம்பரம் என்று வைத்துவிடுகிறார்கள். எடுத்துவிட்டேன். இப்போது மணி அடித்தால் மனிதர்தான் எடுப்பார்.

கரன்ட் விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள். பழைய செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும், கடையில் கரன்ட் போனாலும் போன் அடிக்கும். ஃபைபர் அப்படி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரன்ட் இல்லை, அந்தப் பயம் இன்னும் இருக்கிறது. ஃபைபர் மோடம், ரவுட்டர், கேட்வே மூன்றையும் ஒரே யுபிஎஸ்ஸில் போட்டு, மெயினை அணைத்து, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஐந்தரை மணி நேரம். அதற்கு மேல் போகும்போல இருந்தால், லைன் சாகும் முன்பே லேண்ட்லைனைத் தம்பியின் மொபைலுக்குத் திருப்பும் முறையை எழுதி மேசையில் ஒட்டியிருக்கிறோம். 108-ஐ மட்டும் எப்போதும் மொபைலிலிருந்துதான் அழைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

அந்த இன்டர்நெட் போன் நிறுவனத்தில் தொடர மனமில்லை. "போர்ட் பண்ணிடலாம் சார்" என்ற வாட்ஸ்அப் செய்தியைப் படமெடுத்து மின்னஞ்சலில் இணைத்து, சொன்னது நடக்கவில்லை, பணத்தைத் திருப்புங்கள் என்று எழுதினேன். முதலில் விதிமுறையைக் காட்டினார்கள். நான் அதே படத்தை அவர்களுடைய மேலதிகாரிகளுக்கும் அனுப்பினேன். பயன்படுத்திய இரண்டு மாதம் போக மீதி திரும்பி வந்துவிட்டது. போனில் மட்டும் அவன் சொல்லியிருந்தால் ஒரு பைசா வந்திருக்காது.

இப்போது வேறு நிறுவனத்தில் மாதக் கட்டணத்தில் இருக்கிறோம். போன செவ்வாய் இரவு 2 மணிக்கு மேல் பழைய நம்பருக்கே ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு. ஒன்றை நான் எடுத்தேன். லேண்ட்லைன் எங்கேஜ்டானால் இன்டர்நெட் போன் நம்பருக்குத் திரும்பும்படி வைத்திருந்ததால் மற்றொன்று தம்பி வீட்டில் அடித்தது. இரண்டு வீட்டுக்கும் விடிவதற்குள் மெஷின் போய்ச் சேர்ந்தது.